பழைய ஹைலக்ஸ்: எதைக் கம்பியால் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு ஐந்து ஏக்கர் செம்பனை. அப்பா இனி ஓட்ட முடியாது என்று சாவியை இவரிடம் கொடுத்துவிட்டார். வண்டி 1990களின் கடைசியில் பதிவான டோயோட்டா ஹைலக்ஸ், 2.8 டீசல். காலையில் லேசில் ஸ்டார்ட் ஆவதில்லை. பழம் ஏற்றிக்கொண்டு மேடு ஏறினால் சூடு முள் ஏறுகிறது. சைலென்சர் கம்பியில் தொங்குகிறது, பின்பெட்டியில் துரு, பிரேக் மிதி ஆழமாகப் போகிறது. போமனிடம் (மெக்கானிக்) போனால் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுச் செலவு. "இதில் எதையெல்லாம் நானே செய்யலாம் அண்ணே? வண்டியை வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா?" இதுதான் கேள்வி.

தம்பி, நான் முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்து ஒர்க்ஷாப்பில் டிராக்டரும் லோரியும் பார்த்தவன். உங்கள் வண்டியின் வகையில் ஒன்று இன்னும் என் வீட்டு வாசலில் நிற்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒட்டுப்போடுவதையும் கம்பி கட்டுவதையும் கேவலமாகப் பார்க்க வேண்டாம். குலை வெட்டினால் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். நேரம் போகப் போகப் பழத்துக்குள் கொழுப்பு அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும். வெட்டிப்போட்ட குலை பாதையோரம் கிடக்கும்போது, ஈப்போவிலிருந்து சாமான் வரும்வரை காத்திருக்கிறேன் என்று சிறுதோட்டக்காரர் யாரும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் ஒரு துண்டு டியூப்பும் இரண்டு கம்பியும்தான் அந்த மாத வருமானத்தைக் காப்பாற்றும். ஆனால் வீடு வந்து சேர்வதற்காகக் கட்டியதை அடுத்த நாள் மறந்துவிடுகிறோம் பாருங்கள், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அதே கட்டு வேறு எங்கேயோ அவிழும்.

நான் செய்வது இது. டேஷ்போர்டில் ஒரு சுருள் வெள்ளை டேப்பும் ஒரு பேனாவும் இருக்கும். எதையாவது தற்காலிகமாகக் கட்டினால், என்ன கட்டினேன், என்ன தேதி என்று எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவேன். முறையான வேலை முடிந்த பிறகுதான் அதை உரிப்பேன். ஒரே நேரத்தில் மூன்று டேப் ஒட்டியிருந்தால் வண்டி தோட்டத்தை விட்டு வெளியே போகாது. கீழே நான் சொல்லும் ஒட்டு வேலை ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு டேப் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஸ்டார்ட்டுக்கு வருவோம். உங்கள் எஞ்சின் 3எல் என்கிற வகை. கம்ப்யூட்டர் இல்லாத பழைய டீசல், அதனால் வீட்டிலேயே நிறையப் பார்க்கலாம். காலையில் சாவியைத் திருப்பி எஞ்சினைச் சுற்றவிடும்போது யாரையாவது பின்னால் நிற்கவைத்துப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும், ஸ்டார்ட்டுக்கு முன் எஞ்சினின் உள்ளறையைச் சூடாக்கும் குளோ பிளக்தான் காரணம். புகையே வராவிட்டால் டீசல் போய்ச் சேரவில்லை. இதைப் பார்க்காமல் பேட்டரியை மாற்றி, ஸ்டார்ட்டரை மாற்றி, கடைசியில் பம்பைக் கழற்றியவர்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன்.

புகை வராத வண்டியில் முதல் சந்தேகம் காற்று. இந்த எஞ்சினில் டீசல் பம்ப்தான் டேங்கிலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகும். தரையில் கறை இல்லையே என்று நாம் ஏமாந்துவிடுவோம். இரவெல்லாம் நின்ற வண்டியில் டீசல் மெல்லப் பின்வாங்கி டேங்குக்கே திரும்பிவிடும். ஃபில்டரின் தலையில் கையால் அமுக்கும் பம்ப் ஒன்று இருக்கிறது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் அதை அமுக்கிப் பாருங்கள். கை கடினமாகும்வரை அமுக்கிய பிறகு வண்டி உடனே பிடித்துக்கொண்டால், காற்றுதான்.

எங்கே புகுகிறது என்று கண்டுபிடிக்க ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு சாண் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய் மாட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். அடுத்து, சுத்தமான டீசல் ஊற்றிய ஒரு கேனை எஞ்சினை விட உயரமாகக் கட்டி, ஃபில்டருக்குள் வரும் குழாயை அதில் விடுங்கள். குமிழி நின்றுவிட்டால் கோளாறு டேங்குக்கும் ஃபில்டருக்கும் இடையில். நிற்காவிட்டால் ஃபில்டரின் தலையிலேயே, பெரும்பாலும் அந்தக் கைப்பம்பின் உள் ரப்பரில். இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் போதும். சோதனை முடிந்ததும் அந்தப் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிவிடுங்கள். எஞ்சின் சூட்டில் அது கடினமாகி வெடிக்கும்.

குழாயை மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். மோட்டார் சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றுவது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். தண்ணீர்க் குழாய்க்கு அது அருமையாக நிற்கும். டீசல் குழாய்க்குச் சுற்றாதீர்கள். பால்மரத்து ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப் பொதபொதவென்று ஆகிவிடும். டியூப்பில் போடும் மற்ற ரப்பருக்கும் டீசல் ஆகாது. ரப்பர் தோட்டத்திலேயே வளர்ந்த நாமே இதை மறந்துவிடுகிறோம். டீசலுக்கு நைட்ரைல் ரப்பரில் செய்த குழாய் கேட்டு வாங்குங்கள். தண்ணீர்க் குழாயை விட விலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இன்னொன்று, நம் நாட்டில் வண்டிகளுக்கு விற்கும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலை 10 விழுக்காடு கலக்கும் விதி 2019இல் வந்தது. நாம் ஏற்றி அனுப்பும் பழத்தின் எண்ணெய் ஒரு சுற்றுச் சுற்றி நம் டேங்குக்கே வருகிறது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அது பழைய டேங்கில் பல வருடமாகப் படிந்திருக்கும் அழுக்கைக் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவரும், தண்ணீரையும் சாதாரண டீசலை விட அதிகமாக இழுத்து வைத்துக்கொள்ளும். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதனால் ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகை மாதம் ஒரு தடவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுங்கள். சுத்தமான டீசல் வந்ததும் இறுக்கிவிடலாம்.

வெள்ளைப் புகை வருகிறது என்றால் குளோ பிளக். நம் ஊரில்தான் குளிரே இல்லையே, அது எதற்கு என்று கேட்பார்கள். இந்த வகை எஞ்சினில் டீசல் ஒரு சிறிய முன் அறையில் எரியத் தொடங்குகிறது. அந்த அறை ஆறிப்போயிருந்தால் நம் ஊர் விடியற்காலையே அதற்குக் குளிர்தான். நான்கு பிளக்கையும் இணைக்கும் தகட்டைக் கழற்றி, ஒரு சோதனை விளக்கின் ஒரு நுனியைப் பேட்டரி பிளஸ்ஸில் வைத்து, மறு நுனியால் ஒவ்வொரு பிளக்கையும் தொடுங்கள். விளக்கு எரியாத பிளக் செத்தது. நான்கும் நல்லதாக இருந்தால் அவற்றுக்கு மின்சாரம் விடும் ரிலேதான் போயிருக்கும். பல பேர் அதற்குப் பதில் ஒரு அமுக்குப் பட்டன் வைத்து நேராக மின்சாரம் கொடுத்துவிடுகிறார்கள். நானும் வைத்திருக்கிறேன், வேலை செய்கிறது. ஆனால் பிளக்கின் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டை முதலில் படியுங்கள். குறைந்த வோல்ட் பிளக்குக்கு 12 வோல்ட்டை நேராகக் கொடுத்துப் பத்து விநாடி அமுக்கினால் முனை உருகி உள்ளே விழுந்துவிடும். அப்புறம் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

எஞ்சின் சுற்றுவதே மந்தமாக இருந்தால், புதுப் பேட்டரி வாங்குவதற்கு முன் ஜம்பர் கேபிள் ஒன்றின் ஒரு நுனியைப் பேட்டரி மைனஸிலும் மறு நுனியை எஞ்சின் இரும்பிலும் பிடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வேகமாகச் சுற்றினால், பேட்டரி மைனஸை வண்டியின் இரும்போடு இணைக்கும் எர்த் பட்டைதான் துருப்பிடித்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் போதும்.

நடுவழியில் எஞ்சின் திடீரென்று நின்று, டீசலும் இருக்கிறது, காற்றும் இல்லை என்றால், பம்பின் தலையில் உட்கார்ந்திருக்கும் டீசலை நிறுத்தும் சொலினாய்டைப் (மின்சாரத்தில் திறக்கும் வால்வு) பாருங்கள். அதற்கு ஒரே ஒரு ஒயர்தான் போகும். அது அறுந்தால் எஞ்சின் நிற்கும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் வைத்த ஒரு ஒயரை அதற்கு இழுத்தால் வீடு வரை வரலாம். சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது, ஒயரைப் பிடுங்கினால்தான் நிற்கும் என்பதை நினைவில் வையுங்கள். எனக்கு இது இரண்டு தடவை கைகொடுத்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இதையெல்லாம் பக்கத்து வீட்டுப் புது வண்டியில் செய்து பார்க்காதீர்கள். இப்போதைய காமன் ரெயில் வகை டீசல் எஞ்சினில் குழாய்க்குள் சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் 1,000 மடங்குக்கு மேல் அழுத்தம் இருக்கும். எஞ்சின் ஓடும்போது நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையையே எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

இப்போது சூடு. தோட்டத்து வண்டி சூடேறுவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் ரேடியேட்டரின் வெளிப்பக்கம். செம்பனை நார், பூந்தூள், செம்மண் மூன்றும் சேர்ந்து தகட்டு இடுக்குகளில் அடைபோல் படிந்துவிடும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது, எஞ்சின் பக்கமிருந்து விளக்கடித்தால் வெளிச்சம் மறுபக்கம் வராது. எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி சாதாரண ரப்பர் குழாயில் மெதுவாகத் தண்ணீர் அடியுங்கள். கார் கழுவும் கடையின் அழுத்தக் குழாய் வேண்டாம், தகடு மடங்கிவிடும். என் வண்டிக்கு ஒரு கடையில் ரேடியேட்டரையே மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன், சூடு குறையவில்லை. காரணம், சூடேறும்போது விசிறியைப் பிடித்துச் சுற்றவைக்கும் கிளட்ச். எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் அணைத்துவிட்டு விசிறியைக் கையால் சுழற்றுங்கள். கை தடைப்பட வேண்டும். காற்றாடிபோல் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் சிலிக்கன் எண்ணெய் போய்விட்டது. அவசரத்துக்கு அந்தக் கிளட்ச்சை ஸ்குரூ போட்டுப் பூட்டி எப்போதும் சுற்றும்படி செய்வார்கள். சத்தம் அதிகம் வரும், டீசல் கொஞ்சம் கூடப் போகும், ஆனால் எஞ்சின் பிழைக்கும்.

தண்ணீர்க் குழாய் வழியில் வெடித்தால்: துடைத்துக் காயவைத்து, டியூப்பை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, இழுத்துப் பிடித்துப் பாதிப் பாதி மேலேறும்படி நான்கைந்து சுற்று. மேலே கம்பி. எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியை முதல் பிடி வரைக்கும் மட்டும் திருகி விடுங்கள். அப்போது உள்ளே அழுத்தம் ஏறாது, கட்டு தாங்கும். ஆனால் மூடி முழுதாக இறுகியிருக்கும்போது தண்ணீர் 120 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். தளர்த்தினால் 100லேயே கொதித்துவிடும். அதனால் மெதுவாக ஓட்டி, அடிக்கடி நிறுத்திப் பார்க்க வேண்டும். சூட்டு முள்ளை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீர் முழுதாக வடிந்துவிட்டால் சென்சார் காற்றில் தொங்கும், முள் கீழே இறங்கிவிடும். முள் இறங்கிவிட்டதே என்று மிதித்தவர்கள் ஹெட்டை வெடிக்கவிட்டிருக்கிறார்கள்.

ரேடியேட்டரில் மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், முட்டை வெள்ளை போடுவதைப் பற்றியும் கேட்பீர்கள். ஊசி முனை ஓட்டையை அது அடைக்கும், பொய்யில்லை. கூடவே மெல்லிய நல்ல குழாய்களையும் அடைக்கும். உள்ளே இருக்கும் தூளைக் கழுவி வெளியேற்றுவது பெரும்பாடு. பக்கத்தில் ஒரு உயிரும் இல்லாத இடத்தில் நின்றால் மட்டும் செய்யுங்கள்.

விசிறி பெல்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் எஞ்சினில், பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வெற்றிடம் கொடுக்கும் பம்ப், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பின்முதுகில்தான் இருக்கிறது. பெல்ட் அறுந்தால் சார்ஜ் நிற்கும், தண்ணீர்ப் பம்ப் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நாலைந்து மிதிக்குப் பிறகு பிரேக் கல்போல் ஆகிவிடும் என்பது பல பேருக்குத் தெரியாது. அதனால் நைலான் கயிற்றை முடிந்து பெல்ட்டாக மாட்டுவதெல்லாம் இந்த வண்டிக்கு வேண்டாம். இருக்கைக்குப் பின்னால் ஒரு செட் புது பெல்ட், 12, 14 ஸ்பேனருடன் எப்போதும் இருக்கட்டும்.

சைலென்சரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது உங்கள் பட்டியலிலேயே சுலபமானது. மைலோ டின்னை வெட்டித் தகடாக்கி, ஓட்டையில் சைலென்சர் பசை தடவி, தகட்டைச் சுற்றி இரண்டு ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கினால் ஒரு வருடம்கூட நிற்கும். தொங்கவிடுவதற்குக் கம்பி சரிப்படாது. எஞ்சின் ஆடும்போது குழாயும் சேர்ந்து ஆட வேண்டும். கம்பி இறுகப் பிடித்தால் முன்னால் இருக்கும் இணைப்பு வெடிக்கும். பழைய டயரின் பக்கச் சுவரில் ஒரு பட்டை வெட்டி, இரண்டு துளை போட்டு, போல்ட்டில் மாட்டுங்கள். கடையில் வாங்கும் ரப்பரை விட நீண்ட நாள் உழைக்கும். ஓட்டை கேபினுக்கு நேர் கீழே இருந்தால் மட்டும் உடனே மாற்றுங்கள். தரையில் துருவும் இருந்தால் புகை உள்ளேதான் வரும்.

பிரேக்குக்கு வருகிறேன். 1999இல் என் வண்டியின் பின் அச்சுக்குப் போகும் பிரேக் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. மூன்று நாள் பழம் பாதையில் கிடந்தது. அந்தக் குழாயை மடித்து நசுக்கி அடைத்துவிட்டால் முன் பிரேக் வேலை செய்யும், ஆலைக்கு ஒரே ஒரு நடைதானே என்றார் ஒருவர். செய்தேன். மழை விட்ட நேரம், செம்மண் இறக்கம், பெட்டியில் ஒரு டன்னுக்கு மேல். மிதித்ததும் முன் சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டன. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வண்டி நேராகவே சறுக்கியது. கால்வாயில் இறங்கி ஒரு செம்பனை அடிமரத்தில் மோதித்தான் நின்றது. என் பக்கத்தில் அண்ணன் மகன், பதினொரு வயது, நெற்றியில் ஆறு தையல். இன்று அவனுக்கு இரண்டு பிள்ளைகள். அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இறக்கம் நினைவுக்கு வரும். அன்றிலிருந்து பிரேக், ஸ்டியரிங், சக்கர நட்டு மூன்றிலும் நான் கம்பியோ டேப்போ வைத்ததில்லை. அவை கெட்டால் வண்டி அங்கேயே நிற்கும். பழத்தை வேறு யாருடைய வண்டியிலாவது ஏற்றுவேன்.

அதற்காகப் பிரேக்கில் நீங்கள் கை வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. மிதி ஆழமாகப் போவதற்கு இந்த வண்டியில் ஒரு வழக்கமான காரணம் உண்டு. பின் டிரம் பிரேக், கை பிரேக் இழுக்கும்போதுதான் தன்னைத் தானே நெருக்கிக்கொள்ளும். பின் சக்கரத்தின் உட்பக்கத்தில், கேபிள் வந்து மாட்டும் இடத்தில், ஒரு சின்ன முழங்கைபோன்ற நெம்பு இருக்கிறது. அது வெளியே திறந்த இடத்தில் இருப்பதால் சேறு ஏறி இறுகிவிடும். அப்புறம் நீங்கள் எவ்வளவு இழுத்தாலும் உள்ளே ஒன்றும் நகராது. சமதரைத் தோட்டத்தில் கை பிரேக்கே இழுக்காமல் கியரில் நிறுத்திப் பழகியவர்கள் வண்டியில் இது நிச்சயம். உங்கள் அப்பாவும் அப்படித்தான் நிறுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி நல்ல ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்), அந்த நெம்பைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வையுங்கள். பிறகு பின் தட்டில் இருக்கும் துளை வழியாக ஸ்குரூ டிரைவரால் பற்சக்கரத்தைத் திருப்பி, சக்கரம் லேசாக உரசும் வரை நெருக்கி, கொஞ்சம் பின்வாங்குங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். பல வண்டிகளில் மிதி அன்றே மேலே வந்துவிடும்.

வராவிட்டால், அல்லது மிதியை அமுக்கிப் பிடித்தால் மெல்ல மெல்ல இறங்கினால், மிதி தள்ளும் மாஸ்டர் பம்ப் போய்விட்டது, அல்லது எங்கேயோ ஒழுகுகிறது. அது போமன் வேலை. பிரேக் எண்ணெயையும் மாற்றச் சொல்லுங்கள். டாட் 3 வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. நம் ஈரக் காற்றில் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே போகும். தண்ணீர் ஏறிய எண்ணெய் 140 டிகிரியிலேயே கொதிக்கும் அளவுக்கு வந்துவிடும். சுமையோடு நீண்ட இறக்கத்தில் மிதி திடீரென்று பஞ்சுபோல் ஆவது இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும்.

பிரேக்கோடு சேர்ந்த இன்னொன்று, ஸ்பிரிங். உங்கள் அப்பா கூடுதல் பட்டை போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். ஒரு டன் வண்டியில் இரண்டு டன் ஏற்றுவதற்காக எல்லோரும் போடுவார்கள். பின் அச்சுக்கு மேலே ஒரு வால்வு இருக்கிறது, அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்கு இறங்கும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து, சுமைக்கேற்பப் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைப் பகிர்ந்து கொடுப்பது அதன் வேலை. கூடுதல் பட்டை போட்டுப் பின்பக்கம் உயர்ந்துவிட்டால், பெட்டி நிறையப் பழம் இருக்கும்போதும் வால்வு வண்டியைக் காலி என்று நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதிகச் சுமை, குறைந்த பிரேக். பட்டை போட்ட கடையில் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கூடுதல் பட்டை இருந்தால் அந்தக் கம்பியின் நீளத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, பட்டையை எடுத்துவிட்டு இரண்டு நடையாக ஏற்றுவது.

கண்ணாடி இறங்காத கதவுக்கு மரத்துண்டு, கைப்பிடிக்குக் கயிறு, உடைந்த பின் விளக்குக்குச் சிவப்பு டேப் எல்லாம் உங்கள் இஷ்டம். ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மட்டும் வைக்காதீர்கள். ஃபியூஸ் எரிந்தது என்றால் ஏதோ ஒயர் உரசுகிறது. தாளை வைத்தால் ஃபியூஸுக்குப் பதில் அந்த ஒயர் எரியும். கிளட்ச் மிதி தரையோடு போய்விட்டால் கியர் பெட்டி பக்கம் இருக்கும் கீழ்ப்பம்பின் ரப்பர்தான். அந்த ரப்பர் செட் சில வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும், வீட்டிலேயே மாற்றலாம். காற்று ஃபில்டரை மாதம் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். செம்மண் தூசியில் அது அடைத்துக்கொண்டால் கறுப்புப் புகையும் டீசல் செலவும் கூடும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறிய பிறகு இந்தச் சின்ன வேலைக்கு மதிப்பு அதிகம்.

துருவுக்கு முதல் காரணம் மழை என்று நினைப்போம். தோட்டத்து வண்டியில் அதைவிடக் கொடியது உரம். நாம் செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு, உப்புக்கு உறவு. மூட்டையிலிருந்து கொட்டிய தூள் பெட்டியின் மடிப்பிலும் சட்டத்தின் மேலும் விழுந்து, ஈரத்தை இழுத்து, இரும்பைத் தின்னும். உரம் ஏற்றிய அன்றே, இருட்டினாலும் பரவாயில்லை, பெட்டியையும் அடிப்பக்கத்தையும் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உதிரிப் பழம் மூலையில் மக்கிக் கிடப்பதையும் சுரண்டி எடுங்கள். ஓட்டையான தரைக்கு மேல் அலுமினியத் தகடு அடித்து அழகாக்குகிறார்கள். அடியில் தண்ணீர் தேங்கி, அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு இன்னும் வேகமாக அரிக்கும். துருவை வெட்டி எடுத்துவிட்டு இரும்புத் தகடு வெல்டிங் செய்வதுதான் சரி. அது முடியாவிட்டால் தடித்த பலகை போட்டு, நடுவில் தண்ணீர் வடிய இடைவெளி விடுங்கள். பெட்டி தானே, பலகையே போதும்.

வைத்துக்கொள்வதா, விற்பதா என்று கேட்டீர்கள். அதை முடிவு செய்வதற்கு இரண்டு விஷயம்தான் பார்க்க வேண்டும். ஒன்று, எஞ்சினுக்குள் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட். இந்த எஞ்சினில் 1,00,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். கடைசியாக எப்போது மாற்றியது என்று அப்பாவிடம் கேளுங்கள். நினைவில்லை என்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாச் செலவுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், எஞ்சின் போச்சு. அதற்கு ஒட்டுப்போட வழியே கிடையாது.

இரண்டாவது, அடிச்சட்டம். வரும் ஞாயிறு வண்டியைக் கழுவிக் காயவைத்து, ஒரு சின்னச் சுத்தியலோடு அடியில் படுங்கள். கேபினுக்குப் பின்னால் சட்டம் மேலே வளையும் இடம், பின் ஸ்பிரிங்கின் இரண்டு மாட்டிகள், ஸ்டியரிங் பெட்டி போல்ட் போட்டிருக்கும் இடம் மூன்றையும் தட்டிக்கொண்டே போங்கள். மணிபோல் "டிங்" என்று கேட்டால் இரும்பு இருக்கிறது. "தொப்" என்று கேட்டாலோ, துருச் செதில் கையளவு உரிந்து விழுந்தாலோ, அங்கே ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். ஸ்டியரிங் பெட்டி பக்கத்திலோ ஸ்பிரிங் மாட்டியிலோ அது உள்ளே போய்விட்டால், எஞ்சினைச் சாமானாக விற்றுவிடுங்கள். அதன் மேல் தகடு ஒட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எங்கேயும் போகாவிட்டால், தம்பி, அந்த வண்டியில் நீங்கள் சொன்ன கோளாறு எதுவும் விற்கும் அளவுக்குப் பெரியதில்லை. டைமிங் பெல்ட்டையும் பின் பிரேக்கையும் முதலில் முடித்துவிட்டு, ஸ்டார்ட் புகை என்ன நிறம் என்று எழுதுங்கள்.